கம்பெனி ஆள் கொண்டுவந்த கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா? புகையிலைச் சட்டத்துக்கு ஆதாரம் உண்டா, இல்லையா?

சாட்ஸ்வொர்த் டீரூம்காரர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் சின்ன டீ ரூம் வைத்திருக்கிறேன், அப்பா காலத்துக் கடை. பால், ரொட்டி, ஏர்டைம், சிகரெட், இதுதான் வியாபாரம், அதிலும் சிகரெட் வாங்க வருகிறவர்கள்தான் மற்றதையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். போன வாரம் சிகரெட் கம்பெனி ஆள் வந்தார். மாதா மாதம் வருகிறவர்தான், நல்ல பையன், கவுன்டருக்குப் பின்னால் இருக்கிற விளக்குப் போட்ட அலமாரியை அவர்கள்தான் மாட்டிக் கொடுத்தார்கள். இந்த முறை கையில் ஒரு அச்சடித்த கடிதம். நாடாளுமன்றக் குழுவுக்குப் போகிறதாம். என் பேர், கடைப் பேர், கையெழுத்து மூன்றுக்கும் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறது, மற்றதெல்லாம் அவர்களே எழுதிவிட்டார்கள்.

புது மசோதாவைப் பற்றித்தான். கடையில் சிகரெட்டைக் கண்ணில் படும்படி வைக்கக்கூடாது, எல்லாப் பாக்கெட்டும் ஒரே மாதிரி சாயமில்லாத பாக்கெட்டாக இருக்க வேண்டும், வேப் என்கிற மின்சிகரெட்டுக்கும் அதே கட்டுப்பாடு என்கிற மசோதா. 2018இல் வரைவு வந்தது, 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்குப் போனது, 2024 தேர்தலோடு காலாவதியாகி இப்போது மறுபடி எடுத்திருக்கிறார்கள். கடிதம் சொல்வது இது: இந்த ஆராய்ச்சியெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம் நாட்டு ஆதாரம் எதுவும் இல்லை, வரியைக் கூட்டினால் கள்ளச் சிகரெட்தான் பெருகும், அலமாரியை மூடினால் சின்னக் கடைகள் செத்துவிடும்.

மூன்றாவது என் வயிற்றுப்பாடு, அதனால் கையெழுத்துப் போடத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் என் மகளுக்குப் பதினொரு வயது, பள்ளி விட்டு வந்து கவுன்டரில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் செய்வாள், எந்தப் பிராண்ட் எந்தத் தட்டில் இருக்கிறது என்று என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவள் அங்கே இருக்கும்போது அந்தக் காகிதத்தில் பேர் எழுத மனம் வரவில்லை. கடிதத்தைக் கல்லாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: ஆராய்ச்சியைப் பார்த்துத்தான் சட்டம் போடுகிறார்களா, இல்லை முதலில் சட்டத்தைப் போட்டுவிட்டு அப்புறம் ஆராய்ச்சி தேடுகிறார்களா?

மேர்பேங்க் அக்கா:

தம்பி, பேனாவைக் கீழே வைத்தது நல்லது. நம் நாட்டு ஆதாரம் இல்லை என்ற வரிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஆதாரத்துக்குள் எங்கள் அப்பாவும் இருக்கிறார்.

அப்பா 2004இல் காலமானார். முப்பது வருடத்துக்கு மேல் நாளைக்கு ஒரு பாக்கெட். கடைசி இரண்டு வருடம் மூச்சு வாங்கி, மாடிப்படி ஏற முடியாமல், தானாகவே விட்டுவிட்டார். காரியத்துக்கு ஏற்பாடு செய்த ஆள் வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து இறப்புப் படிவத்தை நிரப்பினார், அப்போது அதற்கு பிஐ-1663 என்று பேர், இப்போது டிஎச்ஏ-1663. பேர், அடையாள எண், என்ன வேலை, எதுவரை படித்தார் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "ஐந்து வருடத்துக்கு முன்னால் இவர் புகைபிடித்தாரா?" என்றார். அம்மா உடனே, "அவர்தான் விட்டுவிட்டாரே" என்றாள். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி பொறுமையாக, "இப்போது இல்லை அம்மா, ஐந்து வருடத்துக்கு முன்னால்" என்று திரும்பக் கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், அப்புறம் தலையாட்டினாள். கட்டத்தில் ஒரு குறி விழுந்தது.

நான் அப்போதே நர்ஸ், எனக்கே அந்த ஐந்து வருடக் கணக்கு பிடிபடவில்லை. பிறகு வார்டில் ஒரு டாக்டர் சொன்னார்: நோய் முற்றியவர்கள் பெரும்பாலும் சாவதற்கு முன்னால் சிகரெட்டை விட்டுவிடுவார்கள், செத்த அன்று புகைத்தாரா என்று கேட்டால் சிகரெட்டால் செத்தவர்களெல்லாம் புகைக்காதவர்கள் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அதற்காகத்தான் பின்னோக்கிக் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியை 1998இல் நம் நாட்டுப் படிவத்தில் சேர்த்தார்கள். அப்புறம் 1999 முதல் 2007 வரை, 35 வயதுக்கும் 74 வயதுக்கும் இடையில் இறந்த 4,81,640 பேரின் படிவங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். நுரையீரல் புற்றுநோய், காசநோய், மூச்சுக்குழாய் அடைப்பு மாதிரிப் புகையோடு தொடர்புள்ள நோயால் இறந்தவர்களில் புகைத்தவர்கள் எத்தனை பேர், தொடர்பே இல்லாத காரணத்தால் இறந்தவர்களில் எத்தனை பேர் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2013இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. கலர்ட் என்று இங்கே சொல்கிற கலப்பினச் சமூகத்தில்தான் புகையால் போன உயிர்களின் விகிதம் மிக அதிகம். கட்டுரையின் தலைப்பிலேயே கலர்ட், வெள்ளையர், கறுப்பர், மற்றவர் என்று போட்டிருப்பார்கள், இந்திய வம்சாவளியான நாமெல்லாம் அந்த மற்றவர். அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், நம் தெருக்களில் எத்தனை ஆண்கள் ஐம்பது, ஐம்பத்தைந்திலேயே போனார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஏறக்குறைய ஐந்து லட்சம் வீடுகளில் யாரோ ஒருவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அதை வெளிநாட்டுச் சரக்கு என்று அச்சடித்துக் கொண்டுவந்தால் எனக்குக் கோபம் வரும், தம்பி.

கேப்டவுன் குமரன்:

அண்ணா, அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நான் இங்கே பொருளாதாரம் படித்தவன், உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரி என் பாடம், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டால், ஹில் என்ற இருவர் 1950இலேயே லண்டனில் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். நம் நாட்டில் முதல் புகையிலைச் சட்டம் 1993இல்தான் வந்தது. நடுவில் நாற்பத்து மூன்று வருடம். அந்த நாற்பத்து மூன்று வருடமும் டாக்டர்களுக்கு விஷயம் தெரியும். ஆனால் நிதி அமைச்சகத்தின் மேசையில் வேறு காகிதங்கள் இருந்தன: வரி வருமானம் போய்விடும், தோட்டத்திலும் ஆலையிலும் வேலை போய்விடும் என்று. ரெம்பிரான்ட் குழுமம் இந்த மண்ணிலேயே வளர்ந்த பெரிய புகையிலை நிறுவனம், அன்றைய ஆட்சிக்கு நெருக்கம், அவர்கள் பேச்சுக்கு எடை இருந்தது. நோயைப் பற்றிய ஆதாரத்தை எவ்வளவு குவித்தாலும் வருமானத்தைப் பற்றிய பயத்துக்கு அது பதில் ஆகாது, அதற்குப் பதிலும் வருமானக் கணக்காகத்தான் வர வேண்டியிருந்தது.

அதைச் செய்தது கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் 90களில் நடந்த புகையிலைப் பொருளாதார ஆய்வுத் திட்டம். இராஜ் அபேதியன் தலைமையில் தொடங்கியது, பிறகு கோர்னே வான் வால்பீக் நீண்ட காலம் இதிலேயே உழைத்தார். அவர்கள் நம் நாட்டு விற்பனையையும் விலையையும் எடுத்துப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: விலையைப் பத்து சதவீதம் கூட்டினால் விற்பனை ஆறேழு சதவீத அளவுக்குக் குறையும். பத்து ஏறி ஆறேழுதான் இறங்குகிறது என்றால் அரசுக்கு வருகிற பணம் குறையாது, கூடும். வேலை விஷயத்தையும் பார்த்தார்கள். சிகரெட்டுக்குச் செலவழிக்காத பணத்தை யாரும் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, அது துணிக்கும் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கும் போகிறது, அங்கே வேலை உண்டாகிறது, மொத்தத்தில் நாட்டுக்கு வேலை நஷ்டம் இல்லை என்று காட்டினார்கள்.

1994இல் புது அரசு, சிகரெட் விலையில் பாதி வரியாக இருக்க வேண்டும் என்று அறிவித்தது, 1997இல் அந்த அளவை எட்டியது. 1993இலிருந்து பத்து வருடத்தில், பணவீக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் சிகரெட் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது, விற்பனை மூன்றில் ஒரு பங்கு விழுந்தது, பெரியவர்களில் புகைப்பவர்கள் சுமார் 32 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாக இறங்கினார்கள், அரசின் வருமானமோ இரண்டு மடங்கைத் தாண்டியது. அதாவது ஆராய்ச்சியும் சட்டமும் கைகோத்து நடந்தன, அப்புறம் கணக்கு ஆராய்ச்சி சொன்ன மாதிரியே வந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு நம் நாட்டில் இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

விளம்பரத் தடையும் அதே காலம்தான். நிகோசாசனா டிலாமினி-சூமா சுகாதார அமைச்சராக இருந்தபோது 1999இல் வந்த திருத்தம். உங்கள் டர்பனில் ஜூலை மாதக் குதிரைப் பந்தயத்துக்கு அப்போது என்ன பேர்? ராத்மன்ஸ் ஜூலை. ஸ்பான்சர் போனால் விளையாட்டே போய்விடும் என்று அப்போது எவ்வளவு பேசினார்கள்! 2001இல் ஒரு போன் கம்பெனியின் பேரோடு அதே கிரேவில் மைதானத்தில் அதே கூட்டம். குதிரைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

டோங்காட் தாத்தா:

குமரன் தம்பி சொல்வதெல்லாம் சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் ஆராய்ச்சியைக் கேட்காமல் சட்டம் போட்டதும் இதே நாடுதான், அதையும் இந்தக் கடைக்காரத் தம்பிக்குச் சொல்ல வேண்டும்.

2020 மார்ச் 27 முதல் ஆகஸ்ட் 17 வரை, கொரோனா ஊரடங்கில், சிகரெட் விற்பதையே தடை செய்தார்கள். ஏறக்குறைய ஐந்து மாதம். எனக்கு வயது அறுபத்தெட்டு அப்போது, நாற்பது வருடப் பழக்கம். நிறுத்தினேனா? இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் பின்வாசலில், நாற்பது ரான்ட் பாக்கெட்டை நூற்றைம்பது கொடுத்து வாங்கினேன், அதுவும் அதுவரை கேள்விப்படாத பிராண்ட், பாக்கெட்டில் எச்சரிக்கை வாசகம்கூடக் கோணலாக அச்சாகியிருந்தது. மனைவியின் மருந்துக் காசில் கை வைத்தேன், அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. தம்பி சொல்கிற அதே கேப்டவுன் பல்கலைக்கழகத்து ஆட்கள் அந்தச் சமயத்திலேயே புகைப்பவர்களிடம் ஆய்வு நடத்தினார்கள். தடைக்கு நடுவிலும் விடாமல் புகைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எங்கேயாவது வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள், விலை மட்டும் பல மடங்கு. அந்தக் கள்ளப் பாதைகள் தடை எடுத்த பிறகும் மூடவில்லை.

பெரிய சிகரெட் கம்பெனி ஒன்று தடையை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனது. புகைப்பவர்களுக்குக் கொரோனா கடுமையாக வரும், ஆஸ்பத்திரிப் படுக்கை போதாது, அதனால் தடை என்றது அரசு. சில மாதம் விற்பனையை நிறுத்தினால் படுக்கைகள் மிச்சமாகும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டது நீதிமன்றம். 2020 டிசம்பரில் மேற்கு கேப் உயர்நீதிமன்றம் தடை செல்லாது என்றது, 2022 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் அரசின் மேல்முறையீடு தள்ளுபடி.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் கம்பெனி பக்கம் பேசியதாக ஆகிவிடும். அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் இதே பெரிய கம்பெனி போட்ட வேறொரு வழக்கைத் தள்ளுபடி செய்தது. வயது வந்த வாடிக்கையாளரிடம் நேருக்கு நேர் எங்கள் சரக்கைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு என்று கேட்டார்கள். புகையின் கேடு நன்றாக நிரூபணமானது, உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலை உடன்படிக்கையில் நாடு 2005இல் சேர்ந்திருக்கிறது, ஆகவே உரிமையை இந்த அளவுக்குக் குறைப்பது நியாயம் என்றார்கள் நீதிபதிகள். பத்து வருட இடைவெளியில் அதே நீதிமன்றத்தில் இரண்டு தீர்ப்புகள், ஒரு சட்டம் நின்றது, ஒன்று விழுந்தது. ஆகவே தம்பி, உங்கள் கடிதத்தையும் மசோதாவையும் அதே தராசில் வைத்துப் பாருங்கள்.

நான் 2023இல் சிகரெட்டை விட்டுவிட்டேன். பேத்தி பிறந்ததற்காக.

சாட்ஸ்வொர்த் டீரூம்காரர்:

அக்கா, தாத்தா, குமரன், மூவருக்கும் நன்றி. தாத்தா, நீங்கள் விட்டதைப் படித்து என் மனைவி சந்தோஷப்பட்டாள், அவள் அப்பா விடவில்லை.

ஆனால் இரண்டு விஷயம் பாக்கி. கள்ளச் சிகரெட் பெருகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, என் கடைக்கு எதிரிலேயே பதினைந்து ரான்டுக்கு இருபது கிடைக்கிறது, என்னிடம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் இப்போது அங்கே போகிறார்கள். இன்னொன்று, அலமாரியை மூடினால் நிஜமாகவே என் வியாபாரம் என்ன ஆகும்?

கேப்டவுன் குமரன்:

அண்ணா, அந்தப் பதினைந்து ரான்ட் பாக்கெட்டை வைத்தே கணக்குப் போடலாம், ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் போடுகிறார்கள். 2024 பட்ஜெட்டில் இருபது சிகரெட்டுக்குக் கலால் வரி மட்டும் 21 ரான்ட் 77 சென்ட். அதன் மேல் 15 சதவீத வாட். இரண்டும் சேர்ந்தால் 25 ரான்ட். புகையிலை, காகிதம், லாரி, லாபம் எதையும் சேர்க்காமலேயே 25. அப்புறம் பதினைந்துக்கு எப்படி விற்க முடியும்? வரி கட்டாமல்தான். வீட்டுக்கு வீடு போய் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டு, வரியைவிடக் குறைந்த விலையை எண்ணித்தான் 2017இல் சந்தையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கள்ளச் சரக்கு என்று கண்டுபிடித்தார்கள்.

இப்போது கவனியுங்கள். வரி வேகமாக ஏறியது 90களிலும் 2000களின் தொடக்கத்திலும். கள்ளச் சரக்கு வெடித்தது அதற்கு வெகு காலம் கழித்து, 2010களின் நடுவில், அப்போது பணவீக்கத்தைக் கழித்தால் வரி கிட்டத்தட்ட அசையவே இல்லை. அசைந்தது வேறு: வருவாய்த் துறைக்குள் நடந்த குளறுபடி, கள்ளக் கடத்தலைத் துரத்திய பிரிவுகளைக் கலைத்தது. அந்தத் துறைக்கு நேர்ந்ததை 2018இல் நியூஜென்ட் ஆணையம் விலாவாரியாக எழுதியிருக்கிறது. ஆகவே வரியைக் கூட்டினால் கள்ளச் சரக்கு என்ற வரி நம் நாட்டுக் கணக்கோடு ஒட்டவில்லை. எதிர்க்கடையில் பதினைந்து ரான்டுக்கு விற்பதை யாரும் பிடிப்பதில்லை என்பது உங்கள் நியாயமான குறை, அதைத் தனியாக, உங்கள் வார்த்தையில் எழுதுங்கள், வரியைக் குறை என்ற கடிதத்துக்குள் அதை ஒளித்து வைக்காதீர்கள்.

அலமாரி விஷயம். அயர்லாந்தில் 2009 ஜூலையில் கடைகளில் சிகரெட்டைக் கண்ணில் படாமல் வைக்கச் சட்டம் வந்தது. முன்னும் பின்னும் பிள்ளைகளிடம் கேட்டார்கள்: கடையில் சிகரெட் அடுக்கியிருந்ததைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதா? முன்னால் 81 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள், பின்னால் 22. விற்பனைக் கணக்கையும் தனியாகப் பார்த்தார்கள், சட்டம் வந்த கையோடு விற்பனை விழவில்லை, சொல்லும்படியான மாற்றமே இல்லை. ஏனென்றால் ஏற்கெனவே புகைக்கிறவருக்கு அலமாரி தேவையில்லை, தன் பிராண்ட் அவருக்குத் தெரியும். அலமாரி அடுத்து வரப்போகிறவருக்காக. இதற்காகத்தான் அண்ணா, உங்கள் மகள் எந்தத் தட்டில் எது என்று சொல்கிறாள் என்று படித்தபோது எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது.

ஒரே பாக்கெட் விஷயத்தில் ஆஸ்திரேலியா 2012இல் தொடங்கியது, ஆப்பிரிக்காவில் மொரீஷியஸ் 2023இல் முதலாவதாகச் செய்துவிட்டது. அங்கே உள்ள நம்மவர்களின் கடைகள் திறந்துதான் இருக்கின்றன.

மேர்பேங்க் அக்கா:

ஒன்று சேர்க்கிறேன். 2021இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 29.4 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள், ஆண்களில் 41 சதவீதத்துக்கு மேல். 90களில் இறங்கிய வேகம் நின்றுவிட்டது. சட்டம் பழசாகிவிட்டது என்பதற்கு அதுவே போதும்.

அப்புறம் தம்பி, தெருவோரம் மேசை போட்டு விற்கிற பெண்களை மறக்காதீர்கள். அயர்லாந்துக் கடைக்குக் கதவும் அலமாரியும் உண்டு, இவர்களுக்கு ஒரு பெட்டியும் ஒரு குடையும்தான். மூடி வை என்றால் எதால் மூடுவது, முதல் தடவை தவறினால் அபராதமா, எச்சரிக்கையா? இதைச் சொல்ல வேண்டியது நம் மாதிரி ஆட்கள்தான், கம்பெனி சொல்லாது.

சாட்ஸ்வொர்த் டீரூம்காரர்:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். குமரன் சொன்னதை என் கடையிலேயே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. திங்கட்கிழமை காலை அலமாரி விளக்கை அணைத்து, மனைவியின் பழைய சேலை ஒன்றை மேலே ஆணியடித்துத் தொங்கவிட்டேன். சனிக்கிழமை வரைக்கும் அப்படியே. ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். சிகரெட் கேட்டவர்கள் எல்லோரும் உள்ளே நுழையும்போதே பேரைச் சொல்லித்தான் கேட்டார்கள், லூஸ் கேட்டவர்களும் அப்படித்தான். மூன்றே பேர் சேலையைக் காட்டி என்ன அண்ணா இது, வெள்ளையடிக்கிறீர்களா என்றார்கள். கல்லாவில் முந்தைய வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நூறு ரான்ட் அளவுக்குத்தான் வித்தியாசம், அதுவும் புதன்கிழமை மழை.

நாளைக்குக் கம்பெனி ஆள் வருகிறார். கடிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கப் போகிறேன். என் கடிதத்தை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்: எதிர்க்கடைப் பதினைந்து ரான்ட் பாக்கெட், மேசைக்காரப் பெண்கள், இந்த ஒரு வார நோட்டு. மகளும் கூட உட்கார்ந்திருக்கிறாள், கூட்டல் கணக்கு அவள்தான் போட்டாள். அக்கா, உங்கள் அப்பாவின் படிவத்தைப் பற்றி இரண்டு வரி, பேர் போடாமல், சேர்த்துக்கொள்ளலாமா?

மேர்பேங்க் அக்கா:

சேர்த்துக்கொள் தம்பி. பேரையும் போடலாம், அம்மாவிடம் கேட்டுவிட்டேன். உனக்குத் தனியாக அனுப்புகிறேன்.